எல்.கே.ஜி., யு.கே.ஜி.-யில் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள்? ஷிஃப்ட்டுக்குப் போகும் பெற்றோர் வீட்டில் எப்படி உதவலாம்? வேலூர், ஆம்பூர் குடும்பங்களுக்கு ஒரு முழு விளக்கம்

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும் அம்மாக்கள் பலரும் பிள்ளையிடம் முதலில் கேட்பது, "இன்னைக்கு மிஸ் இன்னா எழுத வச்சாங்க?" என்பதுதான். நோட்டில் ஒன்றும் இல்லை என்றால் உடனே கவலை வந்துவிடும். "இவ்ளோ ஃபீஸ் கட்டுறோமே, பாட்டும் விளையாட்டும்தானா?" என்று தோன்றும். அடுத்த வாரமே நாலு வயசுப் பிள்ளைக்கு டியூஷன் தேட ஆரம்பிப்பவர்களும் உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என நீளும் தோல் தொழில் பகுதியில் இந்தக் கவலை கொஞ்சம் அதிகம். ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஆயாவோ, நானியோ, பக்கத்து வீட்டு அக்காவோ. "நாம கூட இருந்து சொல்லிக் குடுக்க முடியலையே, நமக்கு இங்கிலீஷும் தெரியாதே" என்ற குற்ற உணர்வு வேறு.

உண்மையில் மழலையர் வகுப்பில் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்? வீட்டில் எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாது? பார்க்கலாம்.

சுருக்கமாக:

• எல்.கே.ஜி., யு.கே.ஜி.-யின் முக்கியப் பாடங்கள் பேச்சு, கை விரல் பழக்கம், எண் பற்றிய புரிதல், தன் வேலையைத் தானே செய்வது, மற்ற பிள்ளைகளோடு பழகுவது. எழுத்து அதற்குப் பிறகு வருவது.

• இதில் வீட்டில் செய்ய வேண்டிய உதவிக்கு இங்கிலீஷ் தேவையில்லை. பேசத் தெரிந்தால் போதும்.

• தினமும் 15 நிமிடம், செல்போன் இல்லாமல், பிள்ளையோடு பேசினாலே பெரிய உதவி.

• வீட்டில் உருது, தெலுங்கு பேசுபவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை.

மழலையர் கல்வி எங்கெல்லாம் கிடைக்கிறது?

முதலில் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை இவை. தமிழ்நாட்டில் 54,439 மையங்கள் உள்ளன. "அங்கன்வாடின்னா சத்துமாவும் முட்டையும் குடுக்கிற இடம்" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், முன்பருவக் கல்வியும் அதன் வேலைதான். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் பின்பற்றப்படுகிறது. என் குடும்பம், காய்கறி, விலங்குகள் என ஒவ்வொரு கருப்பொருளாக எடுத்து, அதையொட்டிப் பாட்டு, கதை, விளையாட்டு என்று நடத்தும் முறை இது.

அடுத்து, அரசுப் பள்ளி வளாகங்களில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் இந்த வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022 ஜூனில், இவற்றை நடத்திவந்த ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கு மாற்றப்பட்டு, வகுப்புகள் நிறுத்தப்படும் என்ற நிலை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அரசு முடிவை மாற்றியது. சிறப்பு ஆசிரியர்களை நியமித்து வகுப்புகள் தொடரும் என அறிவித்தது. மாசம் சம்பளத்தில் பெரிய பங்கை நர்சரி ஃபீஸுக்கு எடுத்து வைக்கும் குடும்பங்களுக்கு இந்த வகுப்புகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தச் சில நாள் பரபரப்பே சாட்சி.

மூன்றாவது, தனியார் நர்சரி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். பள்ளியில் எல்.கே.ஜி. இருந்தால் அதுதான் நுழைவு வகுப்பு. எனவே இந்தச் சேர்க்கையை எல்.கே.ஜி.-யிலேயே கேட்கலாம்.

ஒரு சின்ன தகவல்: பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விஷாரம், வாலாஜாபேட்டை ஆகியவை ராணிப்பேட்டை மாவட்டத்திலும், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகியவை வேலூர் மாவட்டத்திலும் வருகின்றன. மனு கொடுக்க, விசாரிக்கப் போகும்போது சரியான மாவட்ட அலுவலகத்துக்குப் போங்க.

என்ன வயதில் சேர்க்கணும்?

தமிழ்நாட்டில் பொதுவாக 3 வயது முடிந்தால் எல்.கே.ஜி., 4 முடிந்தால் யு.கே.ஜி., 5 முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. மத்திய அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது. சில சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அதைப் பின்பற்றுவதால், சேர்க்கும் முன்பே வயது விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. "ஒரு வருஷம் மிச்சமாகட்டும்" என்று இரண்டரை வயதிலேயே எல்.கே.ஜி.-யில் தள்ளுவதால் பிள்ளைக்கு லாபம் எதுவும் இல்லை.

சரி, வகுப்பில் என்ன கற்கிறார்கள்?

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) 2019-ல் வெளியிட்ட முன்பருவப் பாடத்திட்டம் மூன்று இலக்குகளைச் சொல்கிறது. ஒன்று, பிள்ளை நல்ல உடல்நலத்தோடும் மன நலத்தோடும் இருப்பது. இரண்டு, தன் மனதில் இருப்பதை நன்றாகச் சொல்லக் கற்பது. மூன்று, ஆர்வத்தோடு கற்று, தன்னைச் சுற்றியுள்ள உலகத்தோடு தொடர்புகொள்வது. 'இத்தனை எழுத்து எழுதணும்' என்பது இந்த மூன்றில் ஒன்றாக இல்லை.

வகுப்பறையில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

1. பேச்சும் கேட்பதும்

வட்டமாக உட்கார்ந்து பேசுவது, கதை கேட்பது, பாட்டுப் பாடுவது. பார்ப்பதற்கு 'சும்மா' மாதிரி தெரியும். ஆனால் பிற்காலத்தில் வாசிப்பதற்கான அடித்தளம் இதுதான். ஒரு சொல்லைக் காதால் கேட்டு, அர்த்தம் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைதான் அதைப் புத்தகத்தில் பார்க்கும்போது புரிந்து வாசிக்கும். 'பம்பரம்' என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை, அந்த ஐந்து எழுத்தையும் கூட்டிப் படித்தும் என்ன பயன்?

ஒலிகளைப் பிரித்துக் கேட்பதும் இதில் சேரும். 'பல்', 'பழம்', 'பந்து' மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று பிள்ளை கண்டுபிடிப்பது பெரிய முன்னேற்றம்.

இங்கே பெற்றோர் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். "நான் எம், எஸ்-னு சொல்லிக் குடுத்தா, பிள்ளை ம், ஸ்-னு சொல்லுது. ஸ்கூல்ல தப்பா சொல்லித் தராங்களா?" இல்லை. எழுத்தின் பெயருக்குப் பதிலாக அதன் ஒலியை முதலில் கற்பிக்கும் 'ஃபோனிக்ஸ்' முறை அது. ஒலி தெரிந்தால் சொல்லைச் சேர்த்துப் படிப்பது எளிது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் நமக்கு இது புதுசாகத் தெரிகிறது.

2. கை விரல்களுக்கான பயிற்சி

களிமண் உருட்டுவது, மணி கோர்ப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது, கிரேயான் பிடித்துக் கிறுக்குவது. நாலு வயதில் கை எலும்புகளும் சின்னத் தசைகளும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பென்சிலை நிதானமாகப் பிடிக்கும் பலம் விரலுக்கு வராமலே பக்கம் பக்கமாக எழுத வைத்தால், கை வலிக்கும், பிடி தப்பாகிப் பழகும், "எழுத மாட்டேன்" என்ற வெறுப்பும் வரும்.

எழுத்திலும் வரிசை உண்டு. நேர்க்கோடுகளால் ஆன 'ட', 'ப' ஆகியவை எளிது. சுழியும் வளைவும் உள்ள 'அ', 'இ', 'ஐ' கஷ்டம். முதல் நாளே 'அ' எழுத வராததால் பிள்ளை மந்தம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

3. எண்ணும் அளவும்

"எங்க பாப்பா 100 வரைக்கும் சொல்லுவா" என்று பெருமையாகச் சொல்வோம். சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஏழு புளியங்கொட்டையை முன்னால் வைத்து, "எத்தனை இருக்கு?" என்று கேளுங்க. ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒன்றையும் விடாமல், ஒன்றை இரண்டு தடவை எண்ணாமல் 'ஏழு' என்று சொன்னால், அதுதான் எண்ணத் தெரிந்த பிள்ளை. பிறகு அவற்றைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து மறுபடி கேளுங்க. பரப்பி வைத்ததால் எண்ணிக்கை கூடிவிட்டதாக நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த வயதில் அது இயல்பு.

பெரிசு - சின்னது, கனம் - லேசு, முன்னால் - பின்னால், ஒரே நிறமுள்ளவற்றைப் பிரிப்பது, சிவப்பு - மஞ்சள் - சிவப்பு - மஞ்சள் என்ற வரிசையில் அடுத்து என்ன என்று சொல்வது... இவை எல்லாமே கணக்குதான்.

4. தன் வேலையைத் தானே செய்வது

டிபன் பாக்ஸ் திறப்பது, கை கழுவுவது, பாத்ரூம் வரும்போது சொல்வது, செருப்பை மாற்றிப் போடாமல் போடுவது. ஒரு வகுப்பில் 25, 30 பிள்ளைகள் இருக்கும் இடத்தில், இதெல்லாம் தெரிந்த பிள்ளை பயமில்லாமல் இருக்கும்.

5. பழகுவது

அம்மாவை விட்டுச் சில மணி நேரம் இருப்பது, தன் முறைக்காகக் காத்திருப்பது, பொம்மையைப் பகிர்வது, கோபம் வந்தால் அடிக்காமல் வாயால் சொல்வது. ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கவனிப்பதற்கு இதுதான் அச்சாரம்.

விளையாட்டு வழியாகக் கற்பது இப்போது வந்த ஃபேஷனா?

இல்லை. ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் 1837-ல் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 1840-ல் அதற்கு 'கிண்டர்கார்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தார். மரக் கட்டைகளும் பந்துகளும்தான் அவருடைய பாடப் புத்தகம். கைகளால் தொட்டுக் கற்கும் முறையை உருவாக்கிய இத்தாலியின் மரியா மாண்டிசோரி, 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போரால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். ஆக, தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயம் இல்லை.

ஹோம்வொர்க், பரீட்சை... விதி என்ன சொல்கிறது?

முன்பருவ வயதுப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகவோ, எழுத்து மூலமாகவோ தேர்வு வைக்கக் கூடாது என்பது என்.சி.இ.ஆர்.டி.-யின் வழிகாட்டுதல். பிள்ளையைக் கவனித்துக் குறித்துவைப்பதுதான் மதிப்பீடு. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்திய அரசின் பள்ளிப் பை கொள்கை 2020, மழலையர் வகுப்புக்குப் புத்தகப் பையே வேண்டாம் என்கிறது.

இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் வேண்டாம் என்றால், எல்.கே.ஜி.-க்கு எதற்கு நாலு பக்கம்? ஆனாலும் நடைமுறையில் பல பள்ளிகள் கொடுக்கின்றன. "பெத்தவங்கதான் கேக்கிறாங்க" என்பது பள்ளிகள் சொல்லும் பதில். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. நோட்டு நிறைந்தால்தான் படிப்பு என்று நாம் நம்பும்வரை, பள்ளியும் நோட்டைத்தான் நிரப்பும்.

வீட்டில் உருது, வகுப்பில் தமிழ், புத்தகத்தில் இங்கிலீஷ்: பிள்ளை குழம்பாதா?

இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வீடுகளில் உருது, குடியாத்தம் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ்.

சிறு குழந்தைகளால் இரண்டு மூன்று மொழிகளைச் சேர்த்தே கற்க முடியும். ஆரம்பத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலக்கும். அது கோளாறு இல்லை, போகப் போகச் சரியாகும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "ஸ்கூல்ல இங்கிலீஷ்தானே, வீட்லயும் இங்கிலீஷ் பேசுவோம்" என்று, தங்களுக்கே சரளமாக வராத மொழிக்குப் பெற்றோர் மாறும்போது, வீட்டில் பேச்சே குறைந்துபோகிறது. 'கம்', 'கோ', 'ஈட்', 'சிட்' என்று நாலு சொல்லோடு உரையாடல் முடிந்துவிடும். அதுவே தாய்மொழி என்றால் அம்மா, நானி, ஆயா எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கதை, கேலி, கேள்வி எல்லாம் வரும். 'ஏன்?', 'அப்புறம்?', 'அப்படின்னா?' என்று ஒரு மொழியில் யோசிக்கப் பழகிய பிள்ளை, அதே யோசனையை அடுத்த மொழிக்கும் எடுத்துப் போகும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. காலையில் மதரஸாவில் உருது அல்லது அரபு எழுத்துகள் படிக்கும் பிள்ளை, வலமிருந்து இடமாக எழுதும். பள்ளியில் தமிழும் இங்கிலீஷும் இடமிருந்து வலம். சில பிள்ளைகள் கொஞ்ச நாள் தடுமாறும். திட்ட வேண்டாம். எந்தப் பக்கம் தொடங்கணுமோ அந்த ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்க. சில வாரங்களில் பிள்ளைக்கே பழகிவிடும்.

ஷிஃப்ட்டுக்குப் போகும் பெற்றோர்: 15 நிமிடம் எங்கே கிடைக்கும்?

தனியாக 'படிப்பு நேரம்' ஒதுக்கணும் என்பதில்லை. ஏற்கெனவே செய்யும் வேலைகளுக்குள்ளேயே நேரம் இருக்கிறது.

காலையில் (3 நிமிடம்): கிளம்பும்போது இன்று யார் கூட்டி வருவார்கள், அம்மா எப்போது வருவார் என்று சொல்லிவிட்டுப் போங்க. "மத்தியானம் ஆயா வருவாங்க, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து விளையாடினா அம்மா வந்துடுவேன்." பிள்ளைக்கு மணி தெரியாது, வரிசை புரியும். கண்ணில் படாமல் நழுவிப் போகாதீங்க. அது அடுத்த நாள் அழுகையைக் கூட்டும்.

சமையல் நேரத்தில் (5 நிமிடம்): காய்கறிக் கூடையைப் பிள்ளை முன்னால் வையுங்க. வெங்காயம் ஒரு பக்கம், உருளைக்கிழங்கு ஒரு பக்கம் என்று பிரிக்கட்டும். முள்ளு கத்திரிக்காயைத் தொட்டுப் பார்த்து "குத்துது" என்று சொல்லட்டும். தக்காளியைவிடக் கனமானது எது? நாலு பேருக்கு எத்தனை தட்டு? பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது விரலுக்கு நல்ல பயிற்சி.

சாப்பிடும்போது (3 நிமிடம்): "இன்னா எழுதினே?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு யார்கூட விளையாடினே? மிஸ் சொன்ன கதையில யார் யார் வந்தாங்க? எது சிரிப்பா இருந்துச்சு?" என்று கேளுங்க. 'ஆமா', 'இல்ல' என்று முடியாத கேள்வியாக இருக்கட்டும். பிள்ளை தப்பாகச் சொன்னால் திருத்தி நிறுத்தாமல், சரியான வாக்கியத்தை நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்க.

படுக்கும்போது (4 நிமிடம்): ஒரு கதை. புத்தகம் இருந்தால் படம் காட்டிச் சொல்லலாம். படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துத் தாங்களே கதை கட்டலாம். புத்தகம் இல்லையென்றால் வாய்க்கதை போதும். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்க. திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் சொற்கள் மனதில் தங்கும்.

ஆயா, நானி, தாத்தாவிடமும் இதையே சொல்லுங்க. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிதான் வீட்டிலேயே சிறந்த மொழி ஆசிரியராக இருக்கக்கூடும். கதை, விடுகதை, கைவிரல் விளையாட்டு, பல்லாங்குழி என்று அவர்களிடம் இருப்பது அத்தனையும் மழலையர் பாடம்தான்.

வீட்டிலேயே ஷூ தைப்பவர்கள் கவனத்துக்கு

ஆம்பூர் சுற்று வட்டார கிராமங்களில் பீஸ் கணக்கில் ஷூவின் மேல்பாகத்தை, அதாவது 'அப்பரை', கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் நிறைய. பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கும்.

வேலை செய்துகொண்டே பேசுவது நல்ல விஷயம். வலது எது, இடது எது? ஜோடி சரியா? இரண்டு இரண்டாக எண்ணினால் எத்தனை? இந்த நிறமும் அந்த நிறமும் ஒன்றா? பார்த்தும் கேட்டும் பதில் சொல்லட்டும். வலது - இடது புரிந்த பிள்ளைக்கு எழுத்துகளைத் திருப்பிப் போடாமல் எழுதுவதும் எளிதாகும்.

ஆனால், எல்லை இங்கேதான் வேண்டும்:

• ஊசி, பிளேடு, கத்தரிக்கோல் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது.

• ஒட்டும் சொல்யூஷன் டப்பா திறந்திருக்கும் அறையில் பிள்ளை விளையாடவோ தூங்கவோ கூடாது. அதன் ஆவி பெரியவர்களுக்கே தலைவலி தரும்.

• தோல் துண்டுகளை விளையாடக் கொடுக்காதீங்க. சிறு பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள். அதற்குப் பதில் துணித் துண்டு, காலி அட்டைப்பெட்டி கொடுக்கலாம்.

• "கொஞ்சம் நூல் கோர்த்துக் குடு" என்று ஆரம்பிக்கும் உதவி வேலையாக மாறிவிடக் கூடாது. பிள்ளையை வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் தவறு.

கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் கேட்கலாமா?

கேட்கலாம். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-ல் மகப்பேறு பயன்கள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 50 பேர் விதி தொடர்கிறது. காப்பகம் பெயரளவில் பூட்டிக் கிடந்தால், தொழிலாளர்கள் சேர்ந்து கேட்பதே பலன் தரும்.

செல்போனும் தூக்கமும்

அம்மா அசந்து படுத்திருக்கும்போது பிள்ளை கையில் போன் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அளவு வேண்டும். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பகல் தூக்கம் உள்பட 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

'ரைம்ஸ் வீடியோ' பார்த்தால் இங்கிலீஷ் வந்துவிடும் என்று நம்பி மணிக்கணக்கில் விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். வீடியோ பிள்ளையிடம் பேசும், பிள்ளை சொல்வதைக் கேட்காது. பேச்சு வளர்வது பதிலுக்குப் பதில் பேசுவதால்தான். இரவு ஓவர்டைம் முடிந்து வரும் அப்பாவுக்காகப் பிள்ளையைப் பத்து, பதினோரு மணி வரை விழிக்க வைப்பதையும் முடிந்தவரை தவிர்க்கலாம். காலையில் தூக்கம் கலையாத பிள்ளைக்கு வகுப்பில் எதுவும் ஏறாது. அப்பாவோடு விளையாடும் நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்கணும்?

ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேகம். ஆனாலும் கீழ்க்கண்டவை தெரிந்தால் "வளர வளர சரியாகிடும்" என்று தள்ளிப்போட வேண்டாம்:

• 3 வயது முடிந்தும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாதது

• 4 வயதில் பேசுவது வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியாதது

• பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண் பார்த்துப் பேசாதது

• டிவிக்கு மிக அருகில் போய்ப் பார்ப்பது, அடிக்கடி இடறி விழுவது

• முன்பு செய்துகொண்டிருந்ததை, பேசிக்கொண்டிருந்ததை இப்போது நிறுத்திவிட்டது

முதலில் காது, கண் பரிசோதனை முக்கியம். காது சரியாகக் கேட்காத பிள்ளையைத்தான் பல நேரம் 'சொன்ன பேச்சு கேட்காதவன்' என்கிறோம். ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நேரில் வந்து இலவசமாகப் பரிசோதிக்கிறது. குழு வரும் தேதியை அங்கன்வாடியில் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்க. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவு உள்ளது.

பள்ளியில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கட்டடம், யூனிஃபார்ம், ஸ்மார்ட் போர்டு ஆகியவற்றைப் பார்ப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்க:

1. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? உதவிக்கு ஆயா உண்டா?

2. ஒரு நாளில் எவ்வளவு நேரம் விளையாட்டு, எவ்வளவு நேரம் எழுத்து?

3. பிள்ளைக்குத் தமிழோ உருதோ மட்டும்தான் தெரியும் என்றால், பாத்ரூம் வருது, பசிக்குது என்று அந்த மொழியில் சொன்னால் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறாரா? 'இங்கிலீஷ் மட்டும்' என்ற விதி மூன்று வயதுப் பிள்ளைக்கு வாய்ப்பூட்டு.

4. அழும் பிள்ளையை எப்படிச் சமாளிப்பார்கள்? அடி, மிரட்டல், தனியாக உட்கார வைப்பது உண்டா? பள்ளியில் உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் சட்டப்படி தடை.

5. பிள்ளையின் முன்னேற்றத்தை மார்க் போட்டுச் சொல்வார்களா, கவனித்துச் சொல்வார்களா?

6. கழிவறை பிள்ளை உயரத்துக்கு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா?

பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகம், புகார் எதுவானாலும் தமிழ்நாடு அரசின் 14417 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

"ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிடுவானே?"

இதுதான் பெற்றோரின் கடைசிப் பயம். யு.கே.ஜி.-யில் தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி, கூட்டல், கழித்தல் எல்லாம் முடித்த பிள்ளையோடு, விளையாடியே வந்த பிள்ளை போட்டி போட முடியுமா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் முதல் நடக்கிறது. 8 வயதுக்குள் பிழையின்றிப் படிப்பதும், அடிப்படைக் கணக்கும் வர வேண்டும் என்பதே அதன் இலக்கு. 5 வயதுக்குள் என்று அதுகூடச் சொல்லவில்லை. எழுத்தும் எண்ணும் பழக மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால், பேசத் தயங்காத வாய், பென்சில் பிடிக்கும் விரல், கேள்வி கேட்கும் பழக்கம், பள்ளிக்குச் சிரித்துக்கொண்டே போகும் மனசு ஆகியவற்றை ஒன்றாம் வகுப்பில் புதிதாக ஆரம்பிப்பது கஷ்டம். அவற்றுக்கான காலம் இப்போதுதான்.

எனவே, டியூஷனுக்கு எடுத்து வைத்திருக்கும் காசில் இரண்டு படக்கதைப் புத்தகமும் ஒரு பெட்டி கிரேயானும் வாங்குங்க. மிச்சத்தைப் பிள்ளையின் பால், முட்டை, பழத்துக்குச் செலவழிங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளையைத் தெருவிலோ பூங்காவிலோ ஓட விடுங்க. மத்தது தானா வரும்.